ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதினால் அது ஆராய்ச்சியா?

வாசகர் கேள்வி, 14.10.2024

ஒரே ஒரு நோயாளிக்கு வந்த வருத்தத்தை இரண்டு பக்கத்தில் எழுதி, இரண்டு ஸ்கேன் படம் போட்டு, மேலே ஆறு டொக்டர்மாரின் பெயரையும் போடுகிறார்கள். இது எப்படி ஆராய்ச்சியாகும்? ஆயிரம் பேரைப் பார்த்துச் சொன்னால் நம்பலாம். ஒருவருக்கு நடந்தது வெறும் கதை. பதவி உயர்வுக்காகத்தான் எழுதுகிறார்கள் என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

14.10.2024, இரவு

நான் மறுக்கிறேன். அப்படி ஒரு கதையை ஒருவர் எழுதி வைத்திருந்ததால்தான் என் அப்பா இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்.

எங்கள் வீடு மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், வயல் மேற்கே படுவான்கரையில். அப்பா குருமண்வெளித் துறையில் பாதை (வாவியைக் கடக்கும் படகு) ஏறி மண்டூர்ப் பக்கம் போய்வருவார். 2019 நவம்பர் 5ஆம் திகதி இரவு குளிரும் காய்ச்சலுமாகப் படுத்தார். அப்போது அவருக்கு 58 வயது, சீனி வருத்தம் வந்து 11 வருடம். முதலில் பனடோல், அப்புறம் டிஸ்பென்சரி, அப்புறம் ஆஸ்பத்திரி. இருமல் இருந்தது, மெலிந்துகொண்டே போனார். எக்ஸ்ரேயில் நெஞ்சில் மேற்பக்கம் நிழல் மாதிரி ஒன்று தெரிந்தது. சளியை மூன்று தடவை சோதித்தும் கசநோய்க் கிருமி இல்லை. இருந்தாலும் கசநோயாகத்தான் இருக்கும் என்று மருந்து தொடங்கினார்கள். காய்ச்சல் அசையவே இல்லை. இரத்தத்தை வளர்த்துப் பார்த்த சோதனையில் ஏதோ ஒரு கிருமி வளர்ந்திருந்தது. வெளியிலிருந்து கலந்தது என்று எழுதி அதை விட்டுவிட்டார்கள். எந்த இடம் என்று இங்கே எழுத மாட்டேன்.

மூன்றாவது கிழமை வலது முழங்கால் வீங்கியது. வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இரவுக் கடமையில் இருந்த இளம் டொக்டர் ஒருவர், கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா வயல் செய்யிறவரா?" ஆம் என்றோம். முழங்காலிலிருந்து சீழ் எடுத்து அனுப்பினார். அடுத்த நாள் வயிற்றை ஸ்கேன் செய்தபோது ஈரலிலும் மண்ணீரலிலும் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள் தெரிந்தன. நான்காம் நாள் பெயர் சொன்னார்கள்: மெலியோய்டோசிஸ்.

எப்படி நினைவு வந்தது என்று பிறகு கேட்டேன். மாணவியாக இருந்தபோது ஒரு நோயாளியைப் பற்றிய அறிக்கை வாசித்தாராம். சீனி வருத்தம் உள்ள விவசாயி, கசநோய் மருந்துக்குக் குறையாத காய்ச்சல், மண்ணீரலில் கட்டி. அந்த மூன்றும் ஒன்றாக மனதில் கிடந்திருக்கின்றன.

இதைக் கதை என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. "வெறும்" என்பதைத்தான் எடுக்கச் சொல்கிறேன்.

15.10.2024

மெலியோய்டோசிஸ் என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் டொக்டர் இல்லை, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஐந்து வருடமாகத் தேடி வாசித்ததைச் சொல்கிறேன்.

பர்க்கோல்டேரியா சூடோமாலியை என்ற பக்டீரியா. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும், வயற்சேறு அதற்கு நல்ல இடம். தோலில் உள்ள கீறல் வழியாகப் போகும், நீரோடும் போகும், பலத்த காற்று மழையில் மூச்சோடும் போகும். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவது மிக அரிது. சாதாரணமாக 1 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். சிலருக்கு அது உடம்புக்குள் வருடக்கணக்காக உறங்கிக் கிடக்கும்.

நுரையீரலில் வந்தால் கசநோய் மாதிரி, மூட்டில் வந்தால் சாதாரண மூட்டுச்சீழ் மாதிரி, இரத்தத்தில் பரவினால் எந்தக் கிருமியாலும் வரும் இரத்தத்தொற்று மாதிரி. தனக்கென்று ஒரு முகம் இல்லாத நோய். நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கும். நீரிழிவு உள்ளவருக்கு இது வரும் வாய்ப்பு மற்றவரைவிடச் சுமார் 12 மடங்கு என்று தாய்லாந்துக் கணக்குகள் சொல்கின்றன. சீனி வருத்தமும் வயலும் சேர்ந்த வீடு நம் பக்கத்தில் எத்தனை இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மருந்து நீளமானது. ஊசி மருந்து, செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனெம், குறைந்தது 10 முதல் 14 நாள். உள்ளே சீழ்க்கட்டி இருந்தால் இன்னும் கூட. அப்பாவுக்கு நான்கு கிழமை ஏற்றினார்கள். அதன் பிறகு கோ-ட்ரைமொக்சசோல் குளிசை மூன்று மாதம். காய்ச்சல் விட்டுவிட்டது என்று குளிசையை நிறுத்தினால் திரும்பி வரும். வழக்கமாக முதலில் கை வைக்கும் ஜென்டமைசின் போன்ற மருந்துகளுக்கு இந்தக் கிருமி பெரும்பாலும் அசையாது.

சுகமாகிக்கொண்டு வந்தபோது கட்டிலில் இருந்து அப்பா கேட்டார்: "இவ்வளவு காலமும் நான் வயலுக்குள்ள இறங்கினன். இப்ப வயல் எனக்குள்ள இறங்கிட்டா?" மிஸ்ஸி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

15.10.2024, பின்னேரம்

ஒரு திருத்தம். இன்னொரு இடத்தில் பதில் எழுதும்போது, இலங்கையில் முதலில் பதிவான நோயாளி ஒரு விவசாயி என்று எழுதிவிட்டேன். தவறு. 1927இல் பதிவான அந்த நோயாளி தேயிலை வியாபாரத் தரகராக இருந்த ஓர் ஐரோப்பியர்.

இதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். வரம்பில் நடந்தவனுக்கு அதற்கு முன்னர் வரவே இல்லையா? வந்திருக்கும். அவனுடைய இரத்தத்தை யாரும் வளர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

நோயை முதலில் கண்டுபிடித்து எழுதியது ரங்கூனில். அல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் 1912இல் எழுதினார்கள். பிணப்பரிசோதனையில் பார்த்தவர்களில் பலர் மோர்பின் ஊசி போட்டுக்கொண்டு தெருவில் கிடந்த ஏழைகள். பிறகு "விட்மோர் நோய்" என்ற பெயர் நிலைத்தது, கிருஷ்ணசாமியின் பெயர் பக்கத்தில் நிற்கவில்லை. எனக்கு அது உறுத்துகிறது.

19.10.2024

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "உங்கள் அப்பா பிழைத்தது சந்தோசம், ஆனால் அது உணர்ச்சி, நியாயம் அல்ல" என்கிறார். சரி, அப்பாவை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பேசுவோம்.

1981 ஜூன் 5ஆம் திகதி அமெரிக்காவின் வாராந்த நோய் அறிக்கையில் ஒரு சிறிய குறிப்பு வந்தது. லொஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான ஒரு நிமோனியா, அவர்களில் இருவர் ஏற்கெனவே இறந்துவிட்டார்கள். வெறும் ஐந்து பேர். எய்ட்ஸ் என்று பிறகு பெயர் பெற்ற நோயைப் பற்றி முதலில் அச்சான மருத்துவக் குறிப்பு அதுதான். ஆயிரம் பேர் சேரட்டும் என்று காத்திருந்தால்?

1961 டிசம்பரில் வில்லியம் மக்பிரைட் என்ற அவுஸ்திரேலிய மகப்பேற்று வைத்தியர் லான்செட் இதழுக்குச் சில வரிகளில் ஒரு கடிதம் எழுதினார். கர்ப்பத்தின்போது தாலிடோமைட் குளிசை எடுத்த தாய்மாருக்குக் கை கால் வளராத பிள்ளைகள் பிறக்கின்றன, வேறு யாராவது கண்டீர்களா என்று கேட்டிருந்தார். அதே நேரத்தில் ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸும் அதையே சொன்னார். பெரிய ஆய்வு எதுவும் அப்போது கையில் இல்லை. பிள்ளைகளைக் கண்ணால் கண்டவர்கள்தான் இருந்தார்கள்.

20.10.2024

இரவு நித்திரை வரவில்லை. நேற்று எழுதியதில் பாதியைத்தான் சொன்னேன்.

அதே மக்பிரைட் பிறகு வேறொரு மருந்தைப் பற்றிய ஆய்வில் தரவுகளைப் பொய்யாக மாற்றி, 1993இல் வைத்தியர் பதிவிலிருந்தே நீக்கப்பட்டார். ஒருமுறை கண்ணால் கண்டு சரியாகச் சொன்னவர், அடுத்த முறை தனக்குத் தோன்றியதே சரி என்று நிரூபிக்க எண்களை வளைத்தார்.

ஆகவே கேள்வி கேட்டவரிடம் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஓர் ஆளைப் பற்றிய அறிக்கை "இப்படி ஒன்று நடந்தது, கவனியுங்கள்" என்று மட்டும்தான் சொல்லலாம். "இதனால்தான் நடந்தது" என்று சொல்ல அதற்கு வலு இல்லை. "இத்தனை பேருக்கு நடக்கும்" என்றால் அறவே இல்லை. நான் முதல் நாள் இந்த எல்லையைச் சொல்லியிருக்க வேண்டும்.

22.10.2024

ஒரு வாசகர் பாம்புக்கடி நினைவு வந்ததாக எழுதியிருக்கிறார். நல்ல உதாரணம். கட்டுவிரியன் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவரை நடுச்சாமத்தில் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, கடித்த தடம் கூடத் தெரியாமல் போகலாம். விடியப்புறம் வயிற்றுவலி என்று எழும்புவார், அப்புறம் கண் இமை தானாக விழும். வயிற்றுவலி என்று வாய்வுக் குளிசை கொடுத்து அனுப்பிவிட்டால் முடிந்தது. நிலத்தில் படுத்தவர், விடியப்புற வயிற்றுவலி, இமை விழுதல் என்ற சங்கிலி இன்றைக்கு டொக்டர்மாருக்குப் பாடம். ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்து எழுதி வைத்துச் சேர்ந்த பாடம் அது.

எங்கள் பெரியம்மா இப்படித்தான் போனார். 1994. யாரும் எழுதவில்லை.

2.11.2024

பிலிம்பிச் சாறு பற்றி ஒருவர் கேட்டார். இழைக்கு வெளியே போகிறது என்று நினைத்தேன், இல்லை, உள்ளேதான் வருகிறது.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு சீனியைக் குறைக்கப் பிலிம்பிக்காயை இடித்துச் சாறு கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்ல, அம்மா ஒரு சட்டி நிறையக் காய் பறித்து வைத்துவிட்டார். நான் அதைப் பிடுங்கிக் கொட்டிவிட்டேன், பெரிய சண்டை. கேரளத்தில் இப்படிச் சாறு குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரென்று பழுதானதை 2013இல் எழுதியிருந்தார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அந்தக் காயில் ஒக்சலேற் மிக அதிகம், வெறும் வயிற்றில் கட்டியான சாறாகக் குடித்தால் அது சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கும். அதே குடும்பத்துக் காமரங்காயால் சிறுநீரகம் பழுதான இரண்டு பேரைப் பற்றி நம் நாட்டு டொக்டர்மாரே 2015இல் எழுதியிருக்கிறார்கள்.

மீன் குழம்புக்கு இரண்டு பிலிம்பி போடுவதை யாரும் பயந்து நிறுத்த வேண்டாம். நான் சொல்வது சாறு.

அம்மாவுக்கு எண்கள் புரியவில்லை. "பத்துப் பேரும் உங்களை மாதிரி வீட்டில் பறித்துக் குடித்தவர்கள்" என்றதும் கேட்டுக்கொண்டார். ஆயிரம் பேரின் சராசரியைச் சொல்லி அவரை மறித்திருக்க முடியாது.

17.11.2024

அப்பாவின் விவரத்தையும் டொக்டர்மார் எழுதினார்கள். ஒரு மாநாட்டில் சுவரொட்டியாக வைத்தார்கள், படம் என் போனில் இருக்கிறது. இதைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தேன்.

சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. கொண்டுவந்தவர் நல்லவர்தான், அவசரத்தில் இருந்தார். "ஐயா, இது படிப்புக்கு, பேர் வராது" என்றார். அப்பா கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் இருந்தும் முழுதாக வாசிக்கவில்லை. பெயர் வரவில்லை, உண்மை. ஆனால் சுவரொட்டியில் 58 வயது விவசாயி, இன்ன கிராமம், 2019 நவம்பர், வலது முழங்கால் என்று எல்லாம் இருந்தது. எங்கள் ஊரில் அதற்கு மேல் பெயர் எதற்கு? அந்தப் படம் ஒரு குழுவில் சுற்றி ஊருக்கு வந்தது. ஒரு தேத்தண்ணிக் கடையில் அப்பாவுக்குத் தனிக் குவளை வைத்தார்கள், தொற்றும் என்று பயந்து. இரண்டு மாதம் அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

2013இல் வந்த கேர் என்ற வழிகாட்டி, இப்படியான அறிக்கைகளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. நோயாளியின் சம்மதம் அதில் இருக்கிறது. நோயாளி தன் வாயால் சொல்லும் அனுபவத்துக்கும் இடம் இருக்கிறது. அந்த இடம் அப்பாவின் சுவரொட்டியில் இல்லை. "காயம் ஏதும் ஏற்பட்டதாக நோயாளி கூறவில்லை" என்ற ஒரே வரியில்தான் அப்பா பேசுகிறார்.

கிராமத்தின் பெயர் டொக்டருக்கு எதற்கு? "கிழக்கு மாகாணத்து நெல் விவசாயி" என்றால் போதாதா? படிவத்தைத் தமிழில் கொடுத்தால் என்ன?

இத்தனைக்குப் பிறகும் அப்பாவிடம் கேட்டேன், திரும்பவும் கேட்டால் கையெழுத்துப் போடுவீர்களா என்று. "போடுவன். ஊர்ப் பேரை வெட்டச் சொல்லு" என்றார்.

29.11.2024

வெள்ளம். நாங்கள் பத்திரம், வீட்டு முற்றம் வரை வந்து நின்றது. கரண்ட் இப்போதுதான் வந்தது.

அவசரமாக ஒன்று. சீனி வருத்தம் உள்ளவர்கள், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள், தயவுசெய்து வெறுங்காலோடு இந்தத் தண்ணிக்குள் இறங்க வேண்டாம். பூட்ஸ் போடுங்கள். கீறல் இருந்தால் கழுவி மூடுங்கள். குடிக்கும் தண்ணியைக் கொதிக்க வையுங்கள். இன்னும் இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்: சீனி இருக்கு, வெள்ளத்தில் நின்றேன். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்மார் (பி.எச்.ஐ.) கொடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை எலிக்காய்ச்சலுக்கு. அதைக் கட்டாயம் எடுங்கள். ஆனால் அதை எடுத்துவிட்டோம், இந்த நோய்க்கும் காப்பு என்று இருக்க வேண்டாம். இதற்குத் தடுப்பூசியும் இல்லை.

8.12.2024

"நாடு முழுவதற்கும் எத்தனை பேர்? அபூர்வ நோய்க்கு இவ்வளவு ஆரவாரமா?" என்று ஒருவர். 2006 முதல் 2017 வரை இலங்கையில் 250 நோயாளிகள் உறுதி செய்யப்பட்டார்கள். கொழும்பு மருத்துவ பீடத்தின் ஏனோகா கொரேயாவும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களிலிருந்து வந்த கிருமிகளைச் சோதித்துச் சேர்த்த எண் அது. அதற்கு முன்னர் பதிவானவர்களை விரலில் எண்ணலாம். 2006இல் நோய் திடீரென்று வந்து குதிக்கவில்லை. தேடத் தொடங்கினார்கள், கிடைத்தது.

உலகத்துக்கு வருடம் 1,65,000 பேர், அதில் 89,000 மரணம் என்று 2016இல் ஒரு மதிப்பீடு வந்தது. பெரும்பகுதி தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும். பதிவாகும் எண் இதன் அருகில் கூட வராது. அவுஸ்திரேலியாவில் நூற்றுக்குப் பத்துப் பேர் இறக்கிறார்கள், வடகிழக்குத் தாய்லாந்தில் நாற்பது வரை. கிருமி ஒன்றுதான். எவ்வளவு கெதியாகக் கண்டுபிடிக்கிறார்கள், எப்படிப்பட்ட தீவிர சிகிச்சை இருக்கிறது என்பதுதான் பெரிய வித்தியாசம்.

9.12.2024

நேற்றைய குறிப்போடு முதல் குறிப்பைச் சேர்த்து வாசித்தேன். அப்பாவை அறிக்கைதான் காப்பாற்றியது என்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். அறிக்கை டொக்டருக்கு யோசனையைத் தந்தது. உறுதி செய்தது ஆய்வுகூடம். அங்கே இருந்தவர் தட்டில் வளர்ந்ததைச் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமி என்று தள்ளாமல், ஜென்டமைசின், கொலிஸ்டின் என்ற மருந்துகளுக்கு அசையாமல் கோ-அமொக்சிக்ளேவுக்கு மட்டும் அடங்குகிறதே என்று நின்று பார்த்திருக்கிறார். அவருடைய பெயரும் எங்களுக்குத் தெரியாது, முகமும் தெரியாது. சுவரொட்டியிலும் அவர் இருந்த மாதிரித் தெரியவில்லை.

இன்னொன்று. வளர்த்துப் பார்க்கும் சோதனையே பத்துப் பேரில் சுமார் ஆறு பேரைத்தான் பிடிக்கும். மற்ற நாலு பேரைப் பற்றி எழுத யாருக்கும் வழியில்லை. பிழைத்தவரும், வினோதமாக வந்தவரும், ஆய்வுகூடம் உள்ள ஊருக்குப் போய்ச் சேர்ந்தவரும்தான் அறிக்கையாகிறார்கள். முதல் ஆஸ்பத்திரியிலேயே அப்பா இறந்திருந்தால் மரணப் பத்திரத்தில் கசநோய் என்று இருந்திருக்கும்.

12.1.2025

கேள்வி கேட்டவர் தனிமடலில் எழுதினார். அவருடைய மாமாவுக்குக் கழுத்தில் கட்டி, காய்ச்சல், சீனி இருக்கிறது, வெள்ளத்தில் வீடு துப்புரவாக்கியவர். சீழை வளர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாமா என்று கேட்டார். கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள், டொக்டர் கோபித்தாலும் கேளுங்கள் என்று எழுதினேன்.

20.1.2025

மாமாவுக்குக் கசநோய். இந்தமுறை உண்மையிலேயே கசநோய், கிருமியைக் கண்டுவிட்டார்கள், மருந்து தொடங்கியாயிற்று. அவர் அனுமதியோடு எழுதுகிறேன். கேட்டதில் பிழை இல்லை. நம் நாட்டில் கசநோய்தான் அதிகம் என்பதை நானும் மறக்கக் கூடாது. ஒன்றைப் பற்றி நிறைய வாசித்தால் எல்லா இடத்திலும் அதுவே தெரிகிறது.

3.2.2025

அறுவடை முடிந்தது. வெள்ளத்தால் விளைச்சல் அரைவாசிதான்.

நேற்று இரவு இந்த இழை முழுவதையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பெரியம்மா பற்றிய இடத்தில் அம்மா எழும்பிப் போய்விட்டார். தேத்தண்ணிக் கடைப் பகுதியை அப்பா எடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. "காயம் ஏதும் ஏற்பட்டதாக நோயாளி கூறவில்லை" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தீவாளிக்கு முதல் நாள் வாய்க்காலுக்குள்ள நத்தை ஓடு குதிக்கால்ல கீறினது."

ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்டேன்.

"காயம் இருக்கா எண்டுதானே கேட்டாங்க. அது காயமா மகள்? கீறல். வயலுக்குப் போறவனுக்குக் கீறல் இல்லாத நாள் எது?"

2019இல் தீபாவளி ஒக்டோபர் 27. கீறியது 26ஆம் திகதி. காய்ச்சல் நவம்பர் 5. பத்து நாள்.

அந்த டொக்டர் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார். காலையில் அவருக்கு இதை எழுதி அனுப்பினேன். மத்தியானம் பதில் வந்தது: வயல் வேலை செய்பவர்களிடம் இனிமேல் காயம் என்று கேட்க மாட்டாராம், கீறல், முள்ளு, ஓடு என்று ஒவ்வொன்றாகக் கேட்பாராம். வேறு என்ன சொல்லெல்லாம் உங்கள் ஊரில் இருக்கிறது, எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார். அப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன். வெட்டு, குத்து, உரசல், சேத்துப்புண், கொப்புளம் உடைஞ்சது, செருப்புக் கடி. உங்கள் பக்கத்தில் வேறு இருந்தால் கீழே எழுதுங்கள்.